பாட்டில் ஒலித்த பாடசாலை

பாடசாலை நாட்களைப் பற்றிய பாட்டு இருவகைச் செவிகளிலே சென்று விழுகின்றது. பள்ளியை விட்டுப் பல்லாண்டு கழிந்தோர் கேட்கும்போது அது நினைவாகின்றது. பள்ளி வாயிலை இனித்தான் மிதிக்கப்போகும் சிறுவர் கேட்கும்போது அது எதிர்பார்ப்பாகின்றது. முன்னவர் தாம் கண்டதோடு பாட்டை ஒப்பிட்டு, மிகையைத் தள்ளி மெய்யைக் கொள்ள வல்லவர். பின்னவருக்கோ ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. பாட்டிலே வரும் பள்ளியே அவர் அறிந்த பள்ளி. நாளடைவில் உண்மையான பள்ளி அதனைப் போல அமையாவிடின், குறை பாட்டில் உள்ளதென்று அவர் எண்ணுவதில்லை. குறை தம்மிடத்தே உள்ளதென்று எண்ணி உள்ளம் குன்றுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே இது பெருமளவில் நிகழ்ந்தது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான பள்ளிப் பருவத்தை அந்நாட்டின் பாட்டுகள் ஒரு பொற்காலமாகத் தீட்டின. அந்தப் பாட்டுப் பள்ளியைக் கட்டியவர் யார், அதனுள்ளே இடம் பெற்றவர் யார், வாயிலுக்கு வெளியே நின்றவர் யார் என்று ஆராயின், வியப்பும் துயரமும் கலந்த உண்மையொன்று புலனாகும்.

1907ஆம் ஆண்டிலே வில் கொப் சொல்லமைக்க, கஸ் எட்வேட்ஸ் இசையமைக்க, ‘ஸ்கூல் டேய்ஸ்’ என்னும் பாட்டு வெளிவந்தது. வீட்டிலே பியானோ வைத்திருந்தோர் இசைத்தாளை விலைக்கு வாங்கி, வாசித்துப் பாடிய காலம் அது. இப்பாட்டின் தாள்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. வளர்ந்த ஆடவன் ஒருவன் தன்னோடு சிறுவயதிற் பயின்ற பெண்ணை நோக்கிப் பழைய நாட்களை நினைவுகூர்வதாக அது அமைந்தது. அதிலே தோன்றும் பள்ளி, குழந்தைகள் பயிலும் ஆரம்பப் பாடசாலையே. உயர்தரப் பாடசாலை அதில் இடம்பெறாததற்குக் காரணம் உண்டு. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் உயர்தரப் பாடசாலைக்குச் சென்றோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. ஏனையோர் வயலிலும் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தனர். பெரும்பாலோர் காணாத ஒன்றைப் பற்றிப் பொதுமக்கள் எல்லோரும் பாடும் பாட்டு எங்ஙனம் பிறக்கும்?

அடுத்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. சிறுவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டங்கள் மாநிலங்கள்தோறும் எழுந்தன. 1929ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்தோருக்கே வேலை அரிதாயிற்று. இளைஞர் ஆலையைவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினர். 1938ஆம் ஆண்டிற் கூட்டாட்சி அரசு இயற்றிய தொழிற்சட்டம் பதினாறு வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை மேலும் கட்டுப்படுத்தியது. 1940ஆம் ஆண்டளவில் அவ்வயதினருட் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோர் பள்ளியில் இருந்தனர். பாட்டன் பதினைந்து வயதிலே கலப்பையைப் பிடித்தான்; பேரனோ அதே வயதில் தன் வயதினர் சில நூற்றுவரோடு ஒரே கட்டடத்தில் நாள் முழுவதையும் கழித்தான். குழந்தையுமல்லாத, முதிர்ந்தோனுமல்லாத கட்டிளமைப் பருவத்தினர் என்னும் தனிக்குலம் ஒன்று இவ்வாறு உருவாயிற்று. ‘ரீனேஜர்’ என்னும் சொல் பரவலான வழக்கிற்கு வந்ததும் 1940களிலேதான். 1944ஆம் ஆண்டு செப்ரெம்பரில், அப்பருவத்துப் பெண்களுக்கென்றே ‘செவன்ரீன்’ என்னும் சஞ்சிகை தொடங்கப்பெற்றது.

போருக்குப் பின்வந்த செழிப்பிலே இக்குலத்தினர் கையிற் சில்லறைக் காசு புழங்கியது. அக்காசைத் தேடி வணிகம் வந்தது. 1949ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்ரர் நிறுவனம், நிமிடத்திற்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டை வெளியிட்டது. அது மலிவானது, எளிதில் உடையாதது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டி 49.95 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. விலை குறையக் குறைய அது இளைஞர் சட்டைப்பைக்குள் குடிபுகுந்தது. வரவேற்பறையிலே தந்தையார் தெரிந்தெடுத்த நிகழ்ச்சியைக் குடும்பத்தினர் யாவரும் கேட்ட காலம் போய், படுக்கையறையிலே ஒருவன் தனித்துத் தன் பாட்டைக் கேட்கும் காலம் பிறந்தது. தனித்துக் கேட்கும் பாட்டு தனக்கே சொல்லப்பட்டது போன்ற மயக்கத்தை உண்டாக்கும். பாட்டின் சொல் உள்ளத்தில் ஆழ இறங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பாட்டுகளிலே வரும் பள்ளிக்குச் சில நிலையான உறுப்புகள் உண்டு. மணி அடிக்கும், அதற்காகவே எல்லோரும் காத்திருப்பர். ஆசிரியர் உண்டு, ஆயின் அவர் பெரும்பாலும் விளையாட்டைக் கெடுப்பவராகவே வருவார். நடைவழியிலே காதலி நிற்பாள். மாலையிலே கார் வரும். வெள்ளிக்கிழமை உதைபந்தாட்டம்; ஆண்டின் இறுதியிலே நடன விருந்து; அதன்பின் பள்ளி நிறைவு விழா, கண்ணீர், பிரிவு. படித்த பாடம், எழுதிய பரீட்சை, விளங்கிக்கொண்ட உண்மை ஆகியன அங்கே அரிதாகவே இடம்பெறும். தனிமை அங்கு ஒருபோதும் இல்லை. யாவருக்கும் தோழர் உண்டு, யாவருக்கும் துணை உண்டு.

இந்தப் பள்ளியைக் கட்டியவர்களுள் தலையாயவர் சக் பெரி. 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிக்காகோவிலுள்ள செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் மூலம் அவருடைய ‘ஸ்கூல் டே’ வெளிவந்தது. காலையிலே எழுந்து பள்ளிக்குச் செல்வது, வகுப்பிலே உழல்வது, மதிய உணவுக்கு நெருக்கியடித்து நிற்பது, பிற்பகல் மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, காசு போட்டால் இசைத்தட்டுச் சுழலும் பெட்டியிருக்கும் கடைக்கு ஓடுவது என ஒரு மாணவனின் நாளை மணிக்கு மணி அது வருணிக்கின்றது. பாடகர் ஓரடி பாட, அவர் கையிலுள்ள கித்தார் அதனைத் திரும்பச் சொல்லும். ஆசிரியர் சொல்ல வகுப்பு ஒப்புவிப்பது போன்ற அமைப்பு அது. கறுப்பினத்தவர் இசைக்கான விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. வெள்ளையினத்து இளைஞரும் அதனைத் தம் பாட்டாகவே கொண்டனர்.

அதனைப் பாடியபோது சக் பெரிக்கு முப்பது வயது. மணமாகிக் குழந்தைகளும் உடையவர். 1926ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் நகரிலே பிறந்த அவர், கறுப்பினத்தவருக்கென்றே ஒதுக்கப்பட்ட சம்னர் உயர்தரப் பாடசாலையிற் பயின்றார். 1944ஆம் ஆண்டில், படிப்பு முடியுமுன்னரே, நண்பரோடு சேர்ந்து கொள்ளைக் குற்றம் இழைத்துப் பிடிபட்டார். தோழர் பள்ளியிறுதி வகுப்பில் இருந்த காலத்தை அவர் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்த இல்லத்திலே கழித்தார். 1947ஆம் ஆண்டில் தமது இருபத்தொன்றாம் பிறந்த நாளன்றே விடுதலை பெற்றார். பின்னர் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார், சிகையலங்காரமும் கற்றார். ஆகவே, ஒரு தலைமுறை முழுவதற்கும் பள்ளி நாளின் இனிமையைப் பாடித் தந்தவர், அந்நாட்களைப் பாதியிலே பறிகொடுத்தவர். நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். அவர் பாடிய பள்ளி, வெயிலில் நின்றவர் கண்ட நிழல்.

பாட்டு வெளிவந்த அதே 1957ஆம் ஆண்டு வேறு நிகழ்ச்சிகளாலும் நினைவுகூரத்தக்கது. பாடசாலைகளில் இனத்தின்படி மாணவரைப் பிரித்து வைப்பது அரசியலமைப்பிற்கு முரணானதென்று 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பின்படி, ஆர்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரின் மத்திய உயர்தரப் பாடசாலையிலே சேர்வதற்குக் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் 1957 செப்ரெம்பர் 4ஆந் திகதி சென்றனர். மாநில ஆளுநரின் கட்டளைப்படி ஆயுதந்தாங்கிய படையினர் அவர்களைத் தடுத்தனர். எலிசபெத் எக்ஃபோட் என்னும் பதினைந்து வயது மாணவி, கூச்சலிடும் கூட்டத்தினூடே தன்னந்தனியாக நடந்து சென்ற காட்சி நிழற்படமாகி உலகெங்கும் பரவியது. செப்ரெம்பர் 25ஆந் திகதி, ஜனாதிபதி ஐசனோவர் அனுப்பிய போர்வீரர் புடைசூழவே அவ்வொன்பதின்மரும் பள்ளிக்குள் நுழைய முடிந்தது.

அவர்களுள் பள்ளியிறுதி வகுப்பில் இருந்த ஒரே மாணவரான எர்னஸ்ற் கிறீன் 1958 மே மாதத்தில் அப்பள்ளியின் நிறைவு விழாவிலே சான்றிதழ் பெற்றார். இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1956இல், ‘கிராஜுவேசன் டே’ என்னும் பாட்டு நாடெங்கும் வானொலியில் ஒலித்திருந்தது. பள்ளி நிறைவு நாளின் அன்பையும் பிரிவையும் கனிவோடு பாடுவது அது. எர்னஸ்ற் கிறீனின் நிறைவு நாளிலோ, அவருக்கு முன் சென்ற ஒவ்வொருவருக்கும் கைதட்டல் எழுந்தது; அவர் பெயர் அழைக்கப்பட்டபோது கூட்டம் மௌனமாயிற்று. அவருடைய குடும்பத்தினரோடு அமர்ந்து அதனைப் பார்த்தவர்களுள் ஒருவர் மாட்டின் லூதர் கிங். அடுத்த கல்வியாண்டில், இனங்கலந்து படிப்பதை விரும்பாத மாநில அரசு அந்நகரின் உயர்தரப் பாடசாலைகளையே மூடிவிட்டது. பாட்டிலே மணி அடித்துக்கொண்டிருந்த ஆண்டில், அந்நகரத்துப் பள்ளிகளில் மணியே அடிக்கவில்லை.

லிற்றில் றொக் நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்திற்கு முன்னர், 1957 ஓகஸ்ற் 5ஆந் திகதி, பிலடெல்பியா நகரிலிருந்து ‘அமெரிக்கன் பான்ட்ஸ்ராண்ட்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது. பள்ளி விடும் பிற்பகல் வேளையிலே மாணவரும் மாணவியரும் புதிய இசைத்தட்டுகளுக்கு நடனமாடுவதைக் காட்டுவதே அந்நிகழ்ச்சி. அதனை நடத்திய டிக் கிளாக் அப்போது இருபத்தேழு வயதினர். ஆடுவோர் நடிகரல்லர், அயலிலுள்ள பாடசாலைகளைச் சேர்ந்தவர் என்பதனால், அங்கு கண்டதை நாட்டின் இளைஞர் மெய்யென்றே நம்பினர். ஆயின், அந்நகரிலே கறுப்பின மாணவர் திரளாக வாழ்ந்தபோதிலும், அவர்கள் அம்மண்டபத்துக்குள் எளிதில் நுழைய முடியாதவாறு அனுமதி முறைகள் அமைந்திருந்தன என்பதை வரலாற்றாய்வாளர் பிற்காலத்திலே எடுத்துக்காட்டியுள்ளனர். கறுப்பினப் பாடகரின் குரல் உள்ளே ஒலித்தது; அவர்தம் பிள்ளைகளோ பெரும்பாலும் வெளியே நின்றனர்.

பாட்டை உண்மையிலேயே கட்டிளமைப் பருவத்தில் பாடியவர்களுக்கும் அப்பள்ளி கிடைக்கவில்லை. நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த பிரான்கி லைமன், ‘வை டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ என்னும் காதற்பாட்டினால் 1956இல் உலகப் புகழ் பெற்றபோது பதின்மூன்று வயதுச் சிறுவன். அவன் வயதினர் வகுப்பில் அமர்ந்து அவனைப் பற்றிக் கனவு கண்டபோது, அவன் ஊர் ஊராகக் கச்சேரிக்குச் சென்றுகொண்டிருந்தான். 1957இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே அவன் வெள்ளையினச் சிறுமியொருத்தியோடு ஆடியது தென்மாநிலங்களிற் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்நிகழ்ச்சி விரைவிலே நிறுத்தப்பட்டது. குரல் உடைந்ததும் புகழும் உடைந்தது. 1968 பெப்ரவரியில், தமது இருபத்தைந்தாவது வயதில், ஹெரோயின் என்னும் போதைப்பொருளுக்குப் பலியானார். பள்ளிக் காதலின் குரலாய் விளங்கியவருக்குப் பள்ளிப் பருவம் வாய்க்கவில்லை.

பள்ளிக்குள்ளே இருந்தோரின் நிலை என்ன? சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மன், இலினோய் மாநிலத்திலுள்ள பத்து உயர்தரப் பாடசாலைகளை 1957இலும் 1958இலும் ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டில் ‘கட்டிளைஞர் சமுதாயம்’ என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். பள்ளியில் எவ்வாறு நினைவுகூரப்பட விரும்புகின்றாய் என்று மாணவரை வினவியபோது, கல்வியிற் சிறந்தவன் என்பதைவிட விளையாட்டு வீரன் என்பதையே கூடுதலான ஆண்பிள்ளைகள் விரும்பினர். பெண்பிள்ளைகளிடையே, எல்லோராலும் விரும்பப்படுபவள் என்னும் பெயரும், பள்ளி நிகழ்ச்சிகளிலே முன்னிற்பவள் என்னும் பெயரும் கல்விப் புகழினும் மேலாக நின்றன. இதற்குப் பாட்டுகளே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஊரும் பெற்றோருமே கற்றவனைவிடப் பந்து வீசுபவனைக் கொண்டாடினர். ஆயினும் பாட்டு அம்மதிப்பீட்டிற்கு இன்னோசை தந்து, அதனை இயற்கை நியதிபோலத் தோன்றச் செய்தது.

1960இல் சாம் குக் பாடிய ‘வொண்டர்புல் வேல்ட்’ என்னும் பாட்டிலே, பாடங்கள் ஒன்றும் அறியாத மாணவன் ஒருவன் காதல் ஒன்றை அறிந்தமையே போதுமென்று இன்புறுகின்றான். 1963இல் ‘பீச் போய்ஸ்’ குழுவினர் தம் பள்ளியிடத்தே விசுவாசம் கொள்ளுமாறு பாடிய பாட்டிலே, உதைபந்தாட்டமும் ஆரவாரஞ் செய்யும் மாணவியருமே பள்ளியாக உருக்கொண்டனர். ஆட்டத்திலே சேர்க்கப்படாதவனும், நடனத்திற்கு அழைக்கப்படாதவளும் அப்பாட்டுகளை அதே உற்சாகத்தோடு கேட்டிருத்தல் இயலுமா?

இப்பாட்டுகள் தீமையே செய்தன என்று தீர்ப்பளிப்பதும் நேர்மையன்று. இளைஞரின் சிறு துயரங்களும் சிறு மகிழ்ச்சிகளும் பாடத்தக்கவை என்பதை அவை நிலைநாட்டின. சக் பெரியின் குரலைத் தம் குரலாகக் கொண்ட வெள்ளையின இளைஞர் பலர், தம் பெற்றோர் கட்டிய இனவேலியை அறியாமலேயே ஓரளவு தாண்டினர். சட்டம் திறக்க முயன்று இடர்ப்பட்ட கதவை இசை சிறிது தள்ளி வைத்தது என்பதை மறுக்க இயலாது.

அவ்விசை கடல் கடந்தும் சென்றது. 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், மேனாட்டு மெல்லிசைப் பாட்டுகள் இலங்கையில் மட்டுமன்றி இந்தியாவின் பல பகுதிகளிலும் ஆவலோடு கேட்கப்பட்டன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கல்லூரிகள் பல இருந்த நாட்டிலே, மாணவன் கார் ஓட்டிச் செல்லும் பள்ளியும் ஆண்டிறுதி நடன விருந்தும் செவிவழியாக மட்டுமே அறியப்பட்டன. இக்கரைக்கு அக்கரை பச்சை. ஆயின் அக்கரையில் நின்றோருக்கும் அந்தப் பச்சை தொலைவிலேயே தெரிந்தது என்பதே மேலே கண்ட வரலாறு.

காலம் செல்லச் செல்ல, எதிர்பார்ப்பாயிருந்த பாட்டு மீண்டும் நினைவாக மாறியது. 1973இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிறபிற்றி’ என்னும் திரைப்படம் 1962ஆம் ஆண்டின் ஓர் இரவைப் பழைய பாட்டுகளால் நிரப்பிக் காட்டியது. 1978இல் ‘கிறீஸ்’ திரைப்படம் 1950களின் உயர்தரப் பாடசாலையை ஆடலும் பாடலுமாகத் தீட்டி உலகெங்கும் பெருவெற்றி பெற்றது. அதிலே மாணவியாக நடித்த ஒலிவியா நியூட்டன்-ஜோன், படப்பிடிப்பின்போது இருபத்தெட்டு வயதினர். மாணவனாக நடித்த ஜோன் ட்ரவோல்டா, உண்மை வாழ்வில் உயர்தரப் பாடசாலைப் படிப்பை முடிக்காமலே நடிப்புக்குச் சென்றவர். அப்படத்தைக் கண்ட இளம் பெண்ணொருத்தி தன் பதினாறு வயது முகத்தை இருபத்தெட்டு வயது முகத்தோடு ஒப்பிட்டுக் குறைகாணும் நிலை உண்டாயிற்று. கட்டிளமைப் பருவத்தின் தடுமாற்றங்கள் ஒன்றையும் காட்டாத முகமே கட்டிளமையின் இலக்கணமாக வைக்கப்பட்டது.

இந்நிலையில் மாறுபட்ட குரலொன்று எழுந்தது. 1951இல் பிறந்த ஜானிஸ் இயன் என்னும் பெண் பாடகர் 1975இல் ‘அட் செவன்ரீன்’ என்னும் பாட்டை வெளியிட்டார். அழகியென்று எவராலும் கருதப்படாத பெண்ணின் பள்ளி நாட்களை அது சொல்லுகின்றது. ஆட்டத்துக்கு ஆள் தெரியும்போது பெயர் சொல்லி அழைக்கப்படாமை, காதலர் நாளன்று வாழ்த்து மடல் ஒன்றேனும் வாராமை, துணையின்றிக் கழிந்த மாலைகள் ஆகியவற்றை ஓலமின்றித் தாழ்ந்த குரலிலே அது பாடுகின்றது. அவரும் உயர்தரப் பாடசாலையை முடிக்காமலே விட்டவர். ஆயின் தாம் இழந்ததைப் பொன்னாக்கிப் பாடாமல், இருந்ததை இருந்தவாறே பாடினார். விற்பனைப் பட்டியலில் அப்பாட்டு மூன்றாம் இடத்தை எட்டியது. 1976இல் சிறந்த பெண் பாடகருக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. 1977ஆம் ஆண்டுக் காதலர் நாளன்று, முன்பின் அறியாதோரிடமிருந்து நானூற்றுக்கு மேற்பட்ட வாழ்த்து மடல்கள் அவருக்கு வந்து சேர்ந்தன. தாம் மட்டுமே தனித்திருந்ததாக எண்ணி நாணியிருந்தோர் அத்துணைப் பேர் என்பதற்கு அந்த மடல்களே சாட்சி.

இவ்வரலாறு பாட்டை வெறுக்குமாறு கூறவில்லை. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்குத் தேடி அலைய வேண்டாம் என்பதே அது கூறுவது. பாட்டிலே ஒளிர்ந்த பள்ளியைச் சிறையிலிருந்து மீண்டவர் ஒருவர் பாடினார். பள்ளிப் பருவமே வாய்க்காத சிறுவன் ஒருவன் பாடினான். படிப்பை இடையில் விட்டவர் ஒருவர் நடித்தார். ஏக்கம் கட்டிய மாளிகை அது. அங்கே குடியிருந்தவர் எவருமில்லை. ஆதலால், தன் பள்ளி நாட்கள் பாட்டைப் போல அமையவில்லையே என்று வருந்தும் இளைஞனோ இளம் பெண்ணோ எதனையும் இழந்தவரல்லர். அவர்களுக்குக் கிடைத்த மணியோசை, தூசி படிந்த மேசை, ஓரிரு நண்பர், ஒருநாள் திடீரென விளங்கிய கணக்கு ஆகியவை மெய்யானவை. பாட்டைப் பாடியோர் பலர் ஏங்கியதும் அவற்றுக்காகவே.